மூன்று முறை அறுந்த ஒரே தந்தி: அரியாலை வீடொன்றில் ஹார்ப் தந்தி மாற்றப் பழகியது பற்றிய நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்து அரியாலையில் என் தங்கையின் வீட்டில் 34 தந்திகள் கொண்ட ஹார்ப் (மேற்கத்திய யாழ்) ஒன்று இருக்கிறது. சென்ற மாரிகாலத்தில் அதன் ஒரே இடத்துத் தந்தி ஒரு மாத இடைவெளிக்குள் மூன்று முறை அறுந்தது. முதல் முறை மழைக்காலத்தின் மீது பழியைப் போட்டோம். இரண்டாம் முறை நான் சுருதி சேர்த்ததில் விட்ட பிழையின் மீது போட்டோம். மூன்றாம் முறைதான் அறுந்த நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். அதுவும் நாங்களாகப் பார்க்கவில்லை, பார்க்கச் சொன்னவர் பாசையூரில் வலை வேலை செய்யும் ஒருவர். வெளிநாட்டில் இருந்து திரும்பி வரும் குடும்பங்களோடு இத்தகைய கருவிகள் இன்னும் வரக்கூடும் என்பதாலும், அவை பழுதானால் வயலின், வீணை திருத்துகிற என்னைப் போன்றவர்களின் கைக்கே வந்து சேரும் என்பதாலும், நடந்ததைப் பிழைகளோடு சேர்த்து எழுதி வைக்கிறேன்.

கருவியும் அது நின்ற இடமும்

நான் கர்நாடக இசை வயலின் ஆசிரியன். மாணவர்களின் வயலினுக்குத் தந்தி போடுவது, பிரடை (தந்தியை முறுக்கும் மர ஆணி) தேய்ந்தால் சரிசெய்வது, வீணையின் மெழுகு இளகினால் மெட்டுகளைத் திருப்பி நிறுத்துவது ஆகிய வேலைகள் முப்பது ஆண்டுப் பழக்கம். ஹார்ப்பை அதற்கு முன் நான் தொட்டதில்லை. ஜேர்மனியில் வளர்ந்த என் மருமகள் அங்கே ஏழு ஆண்டுகள் அதைப் பயின்றவள். குடும்பம் ஊர் திரும்பியபோது கருவியும் கப்பலில் வந்தது. அவளுக்கு வாசிக்கத் தெரியும், சுருதி சேர்க்கத் தெரியும். ஆனால் தந்தி அறுந்தால் அங்கே கடைக்காரர் வந்து போட்டுவிட்டுப் போவாராம். ஆகவே அறுந்த அன்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது ஏறத்தாழ ஒன்றுதான்.

ஹார்ப்புக்கு மூன்று உறுப்புகள் முக்கியம்: வாசிப்பவரின் தோளில் சாயும் ஒலிப்பெட்டி, மேலே வளைந்து செல்லும் கழுத்து, முன்னால் இரண்டையும் தாங்கி நிற்கும் தூண். சிற்பங்களில் நாம் காணும் வில் யாழுக்குத் தூண் கிடையாது. அதனால் அதில் இவ்வளவு இழுவிசை ஏற்றியிருக்க முடியாது. ஒலிப்பெட்டியின் முகப்பில் உள்ள மெல்லிய ஒலிப்பலகையில் துளைகள் வரிசையாக உள்ளன. ஒவ்வொரு தந்தியும் பலகையின் உட்புறத்தில் முடிச்சோடு தொடங்கி, துளை வழியாக வெளியே வந்து, மேலே சென்று, கழுத்தில் பதித்த சிறு பித்தளை முளை ஒன்றின் பள்ளத்தில் திரும்பி, அதற்கு மேலுள்ள சுருதியாணியில் சுற்றிக்கொள்கிறது. அந்தப் பித்தளை முளையை இனி ‘தாங்குமுளை’ என்று எழுதுகிறேன். வயலினின் மேற்பாலம் செய்கிற வேலையை அது செய்கிறது. முளைக்குச் சற்றுக் கீழே லீவர் ஒன்று இருக்கும். அதை நிமிர்த்தினால் தந்தி அரைச்சுரம் உயரும்.

இந்தக் கருவியில் மேலிருந்து பெரும்பகுதி நைலோன் தந்திகள்; அடியில் உள்ளவை உலோகம் சுற்றியவை. மேற்கத்திய சுரப்பெயர்களின்படி சி தந்திகள் யாவும் சிவப்பு, எஃப் தந்திகள் யாவும் கறுப்பு, மற்றவை வெள்ளை. இந்த நிறங்கள்தான் வாசிப்பவருக்கு வழிகாட்டி.

கருவி நின்றது விறாந்தையை ஒட்டிய முன் அறையில், கடல்நீரேரிப் பக்கம் திறக்கும் யன்னலுக்கு நேரே. ஓட்டுக்கூரை வீடு. சோளகக் காற்று அடித்த மாதங்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை சுருதி பார்த்தால் போதுமாக இருந்தது. ஐப்பசியில் மழை தொடங்கியதும் நிலைமை மாறியது. ஈரத்தில் தந்திகளின் சுருதி கூடும். மறுநாள் வெயில் வந்து மின்விசிறியும் ஓடினால் இறங்கும். மருமகள் காலையில் ஒரு தடவை இறக்கி, மாலையில் ஒரு தடவை ஏற்றினாள். இந்த விவரம் அப்போது எங்களுக்கு வெறும் தொல்லையாகத்தான் தெரிந்தது.

முதல் முறை

ஐப்பசி மாதத்து இரவு ஒன்றில், யாரும் தொடாமலே, தந்தி அறுந்தது. நைலோன் தந்தி அறும்போது ஒலிப்பெட்டி முழுவதும் சேர்ந்து முழங்குவதால் அது தந்தி அறுந்த ஓசையாகக் கேட்காது. எண்பது கடந்த என் தாயார் எழுந்து விளக்கைப் போடாமல் சுவரோரமாக வந்து, “என்னடா வெடிச்சது?” என்று கேட்டார். ஹார்ப் என்று சொன்ன பிறகும் அவர் திரும்பிப் படுக்கவில்லை.

அறுந்தது நடுப்பகுதியில் உள்ள ஏ தந்தி. உதிரித் தந்திகள் அடங்கிய பொதி ஒன்று கருவியோடு வந்திருந்தது. ஒவ்வொரு உறையிலும் எண்ணும் எழுத்தும் இருந்தன. மருமகளின் கைபேசியில் உள்ள சுருதி பார்க்கும் செயலி இந்தச் சுரத்தை ‘ஏ 4’ என்று காட்டியது. நான் 4 ஏ என்று எழுதிய உறையைப் பிரித்தேன். தந்தியை லீவருக்குள் நுழைக்கும்போதே அது பக்கத்துத் தந்திகளைவிடத் தடிப்பாக இருப்பது கைக்குத் தெரிந்தது, நிறுத்தினேன். பிறகுதான் விளங்கியது: செயலி பியானோ வழக்கப்படி கீழிருந்து மேலாக ஸ்தாயியை எண்ணுகிறது, ஹார்ப்காரர் மேலிருந்து கீழாக எண்ணுகிறார்கள், அதுவும் ஒவ்வொரு ஸ்தாயியையும் ஈ சுரத்தில் தொடங்கி எஃப் சுரத்தில் முடிக்கிறார்கள். அதன்படி 440 அதிர்வெண்ணுக்குரிய ஏ தந்தி மூன்றாம் ஸ்தாயியைச் சேர்ந்தது. உறையில் ‘3 ஏ’ என்று இருப்பதுதான் செயலியின் ‘ஏ 4’. உதிரித் தந்தி வாங்குகிறவர்கள் இந்த ஒரு விடயத்தைத் தெரிந்துகொண்டால் வீண் செலவு மிச்சமாகும்.

சரியான தந்தியை எடுத்து, வயலினில் போடுவதுபோல நுனியில் ஒரு சாதாரண முடிச்சுப் போட்டு ஏற்றினேன். பாதிச் சுருதிக்கு வருவதற்குள் முடிச்சு துளை வழியாக வழுக்கி வெளியே வந்து தந்தி என் மணிக்கட்டில் அடித்தது. சிவந்த கோடு இரண்டு நாள் இருந்தது. நைலோன் வழுவழுப்பானது, அதன் முடிச்சு தன்னைத்தான் பிடித்துக்கொள்ளாது. முடிச்சுக்குள் வேறொரு தடித்த தந்தித் துண்டைக் கவ்வ வைக்க வேண்டும் என்பதை, பக்கத்துத் தந்திகளின் முடிச்சுகளை ஒலிப்பெட்டியின் பின்புறத் திறப்பு வழியாகக் கைவிளக்குப் பிடித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த முறையைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். அறுந்து நான்காம் நாள் புதிய தந்தி சுருதியில் நின்றது. அறுந்த பழைய தந்தியை மருமகள் உறையில் போட்டு வைத்தாள். எறியாமல் வைத்தது அவளுடைய வழக்கமே தவிர என்னுடைய புத்தியல்ல.

காரணம் என்ன என்று வந்தவர் போனவர் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: உப்புக் காற்று, மழை ஈரம். நானும் தலையாட்டினேன்.

இரண்டாம் முறை

ஒன்பது நாள் கழித்துப் பட்டப்பகலில், அவள் வாசித்துக்கொண்டிருக்கையில், அதே தந்தி அறுந்தது. இம்முறை காரணம் என்னிடமே இருந்தது, அல்லது அப்படி நினைத்தேன்.

இத்தகைய ஹார்ப்பை லீவர்கள் யாவும் தாழ்ந்த நிலையில் ஈ தாழ்சுர மேஜர் என்ற மேற்கத்திய சுர வரிசைக்குச் சேர்ப்பது வழக்கம். அப்போது பி, ஈ, ஏ ஆகிய மூன்று தந்திகளும் தாழ்சுரமாக, அதாவது அரைச்சுரம் கீழே, நிற்கும்; லீவரை நிமிர்த்தினால்தான் அவை இயல்புச் சுரமாகும். அப்படியானால் இந்தத் தந்தி தாழ்ந்த நிலையில் நிற்க வேண்டியது ஏறத்தாழ 415 அதிர்வெண்ணில். நானோ லீவர் தாழ்ந்திருக்கும்போதே 440 சுருதிக்கவையைத் தட்டி அதற்குச் சேர்த்திருந்தேன். மருமகள் அந்த வாரம் அந்தச் சுரம் வராத பாட்டொன்றை வாசித்ததால் பிழை வெளியே தெரியவில்லை.

இது எவ்வளவு பெரிய பிழை என்று கணக்குப் பார்த்தேன். ஒரே நீளமும் ஒரே தடிப்பும் உள்ள தந்தியில் இழுவிசை சுருதியின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அரைச்சுரம் கூட்டினால் இழுவிசை 12 சதவீதம் கூடும். இந்தத் தந்தியின் அதிரும் நீளம் 42 செ.மீ.; தடிப்பைப் பாடசாலை ஆய்வுகூடத்தில் இரவல் வாங்கிய நுண்மானித் திருகுக் கணிச்சியால் அளந்தபோது 0.9 மி.மீ. இருந்தது. நைலோனின் அடர்த்தியை வைத்துப் பார்த்தால் 415 இல் ஏறத்தாழ 9 கிலோ இழுவிசை, 440 இல் 10 கிலோ. அந்த ஒரு கிலோதான் அறுத்தது என்று முடிவு கட்டிவிட்டேன். உண்மையில் இந்தத் தடிப்புள்ள நைலோன் தந்தி 10 கிலோவைவிட மிக அதிகமாகவே தாங்கும் என்ற எளிய விடயம் அப்போது என் மண்டையில் ஏறவில்லை. பிழை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் அதுவே காரணம் என்று நினைத்துவிடுவது பழுது பார்ப்பவர்களுக்கு உள்ள பெரிய வருத்தம்.

பொதியில் 3 ஏ உறை ஒன்றுதான் இருந்தது. ஐரோப்பாவில் சொல்லி எடுத்தால் வாரக்கணக்கில் ஆகும். யாழைப் பெயரில் சுமக்கிற ஊரில் யாழ்த் தந்தி வாங்க ஒரு கடை இல்லை என்பதைச் சொல்லிச் சிரித்தவர்கள் பலர். வழி சொன்னவர்கள் இருவர். ஒருவர் வீணை வாசிக்கும் நண்பர். அவர் உருக்குத் தந்தி போடச் சொன்னார்; “உருக்கு எண்டா அறாது” என்பது அவருடைய நியாயம். உருக்கின் அடர்த்தி நைலோனைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு. அதே தடிப்பில் உருக்குத் தந்தியை அதே சுரத்துக்கு ஏற்றினால் இழுவிசை 60 கிலோவைத் தாண்டும். ஒலிப்பலகை அந்த ஒரு துளையில் கிழிந்துவிடும். 0.35 மி.மீ. அளவில் மெல்லிய உருக்குத் தந்தியைப் போட்டால் இழுவிசை சரியாக வரும், ஆனால் நைலோனுக்கென்று செய்த லீவரையும் முளையையும் அது அறுக்கும், விரலையும் அறுக்கும். எனவே அதை விட்டேன்.

இதோடு சேர்த்து இன்னொரு நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். கொஞ்சம் தடித்த தந்தி போட்டால் அறாது என்று பலர் நினைக்கிறார்கள். தடிப்புக் கூடினால் தந்தியின் பலம் கூடுவது உண்மை. அதே அளவுக்கு அதே சுரத்தில் நிற்கத் தேவையான இழுவிசையும் கூடிவிடும். குறித்த நீளத்தில் குறித்த சுரத்தைத் தாங்குமா என்பதைத் தீர்மானிப்பது தந்தியின் பொருள், தடிப்பு அல்ல. தடித்த தந்தியால் கருவிக்குத்தான் பாரம்.

மற்றவர் சொன்ன வழி தங்கூசி.

தங்கூசியும் முருகைக்கல்லும்

தங்கூசி என்றதும் தடைசெய்யப்பட்ட வலைதான் பலருக்கு நினைவுக்கு வரும். நான் சொல்வது தூண்டிலுக்குக் கட்டும் ஒற்றை இழை. அதுவும் நைலோன்தான், ஹார்ப்பின் நைலோன் தந்தியும் அடிப்படையில் அத்தகைய ஒற்றை இழையே. பாசையூரில் எனக்குத் தெரிந்த வலைக்காரர் ஒருவரிடம் 0.9 மி.மீ. தடிப்பில் ஒரு சுருள் இருந்தது. அளந்து பார்த்தோம், சரியாக இருந்தது. இரண்டு மீற்றர் வெட்டித் தந்தார், காசு வாங்கவில்லை. ஓசை பழைய தந்தியைவிடச் சற்று மந்தம். சுருதியில் நிற்க அதிக நாள் எடுத்தது. லீவரைத் தாழ்த்தி 415 இல் சேர்த்தேன். இம்முறை பிழை ஒன்றும் இல்லை என்று எனக்குத் திடமாகத் தெரியும்.

பன்னிரண்டாம் நாள் அறுந்தது.

சுருளில்தான் பழுது என்று எண்ணி, அறுந்த துண்டை எடுத்துக்கொண்டு பாசையூருக்குப் போனேன். அவர் விறாந்தையில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். துண்டை வாங்கி, நுனியை நகத்தில் வைத்து வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு நாக்கால் தொட்டும் பார்த்தார்.

“மாஸ்ரர், இது இழுபட்டு அறுந்ததில்லை. வெட்டுப்பட்டது.”

“வெட்டுறதுக்கு அங்கை என்ன இருக்கு, அண்ணை?”

“அது எனக்குத் தெரியாது. எங்கடை நூல் முருகைக்கல்லிலை உராஞ்சினா இப்பிடித்தான் வரும்.”

சொன்னதோடு நிற்காமல், சுருளில் ஒரு முழம் வெட்டி, ஒரு முனையைத் தூணில் கட்டி, மறுமுனையைக் கட்டையில் சுற்றி இழுத்து அறுத்துக் காட்டினார். இழுபட்டு அறுந்த நுனி வெளுத்து, நீண்டு, பஞ்சுபோலப் பிரிந்து சுருண்டிருந்தது. நான் கொண்டுபோன நுனி அப்படி இல்லை. ஒரு பக்கம் தட்டையாக, சீவினாற்போல் பளபளத்தது. தடிப்பில் பாதிக்கு மேல் அந்தச் சீவல். மீதிப் பாதிதான் வெளுத்து இழுபட்டிருந்தது. அதாவது தந்தி நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அரைபட்டு, மிஞ்சிய பாதி பாரம் தாங்காமல் கடைசியில் அறுந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து, உறையில் இருந்த முந்தைய இரண்டு தந்திகளையும் எடுத்து மேசையில் பக்கம் பக்கமாக வைத்தோம். மூன்று நுனிகளிலும் அதே தட்டையான சீவல். முடிச்சில் இருந்து அறுந்த இடம் வரை அளந்தோம். தொழிற்சாலையில் போட்ட தந்தி, பொதியில் வந்த தந்தி, தங்கூசி என மூன்றுமே, சில மில்லிமீற்றர் வேறுபாட்டோடு, ஒரே இடத்தில் அறுந்திருந்தன. அந்த நீளத்தைக் கருவியில் வைத்துப் பார்த்தால் அது நேரே தாங்குமுளையில் போய் முடிந்தது.

கண்ணுக்கு முளையில் ஒன்றும் தெரியவில்லை. விரலால் தடவியும் தெரியவில்லை. மருமகள் கொஞ்சம் பஞ்சை எடுத்து மென்மையாகத் திரித்து முளையின் பள்ளத்தில் மெல்ல இழுத்தாள். பஞ்சு ஓரிடத்தில் நின்றது; எடுத்தபோது நாலைந்து இழை முளையிலேயே தொங்கியது. பக்கத்து முளைகளில் பஞ்சு தடையில்லாமல் வழுக்கிச் சென்றது. பள்ளத்தின் கீழ் விளிம்பில், கடைசலில் மழுங்காமல் விடுபட்ட பிசிறு ஒன்று. முப்பது ஆண்டு வயலின் விரல்களுக்குப் பிடிபடாததைப் பஞ்சு பிடித்தது.

இப்போது காலநிலை பற்றிய விடயமும் தெளிந்தது. பிசிறு கருவி செய்த நாளில் இருந்தே இருந்திருக்க வேண்டும். ஜேர்மனியில், ஈரப்பதம் அதிகம் மாறாத அறையில், தந்தி முளை மீது அதிகம் அசையவில்லை. ஆகவே ஆண்டுக்கணக்கில் தாங்கியது. இங்கே மாரியில் காலையில் இறக்கி மாலையில் ஏற்றும் ஒவ்வொரு முறையும் தந்தி பிசிறின் மீது முன்னும் பின்னுமாக வாள்போல ஓடியது. புதுத் தந்தி என்றால் இன்னும் மோசம். நைலோன் நீண்டு அடங்கும் வரை நாளுக்குப் பத்துத் தடவை ஏற்ற வேண்டும், ஒவ்வொரு ஏற்றமும் ஓர் அரைப்பு. பழைய தந்தி ஆண்டுக்கணக்கில் நிற்க, புதியவை ஒன்பது நாளிலும் பன்னிரண்டு நாளிலும் போனதன் காரணம் அதுதான். மழை தந்தியை அறுக்கவில்லை. எங்கள் கையைப் பிடித்து அறுக்க வைத்தது.

பிசிறை எடுப்பது அரை மணி வேலை. அரம் போடவில்லை, முளையின் பள்ளம் அகன்றால் தந்தி நடுவில் நில்லாது. தடித்த பருத்தி நூலில் பித்தளை துலக்கும் பிராசோ தடவி, சப்பாத்துத் துடைப்பதுபோலப் பள்ளத்தில் இரு பக்கமும் இழுத்தோம். நூறு இழுப்புக்குப் பிறகு துடைத்துவிட்டுப் பஞ்சைப் போட்டுப் பார்த்தபோது வழுக்கியது. பசை ஒலிப்பலகையில் சிந்தாதிருக்கக் கீழே பழைய துவாயொன்றை விரித்திருந்தோம்.

தந்தி போடும் முறை

மூன்று தடவை போட்டதில் கை பழகிவிட்டது. அந்த ஒழுங்கை, பிழைத்த இடங்களோடு, எழுதுகிறேன்.

அறுந்த தந்தியின் இரு துண்டுகளையும் முதலில் எடுக்க வேண்டும். கீழ்த்துண்டு ஒலிப்பெட்டிக்குள் விழுந்து கிடந்தால் வாசிக்கும்போது கிறுகிறுக்கும். பக்கத்துத் தந்திகளைத் தளர்த்தக் கூடாது. ஒலிப்பலகையின் மீது மொத்தமாகப் பல நூறு கிலோ இழுவிசை இருக்கிறது. அந்தச் சமநிலையைத் தேவையில்லாமல் குலைத்தால் எல்லாத் தந்திகளும் சுருதி மாறும். அந்தத் தந்தியின் லீவர் தாழ்ந்திருக்க வேண்டும்.

முடிச்சுத்தான் இதில் உயிர்நாடி. தந்தியின் ஒரு முனையில் நான்கு விரல் விட்டு ஒரு வளையம் போட வேண்டும். அந்த வளையத்துக்குள் தந்தியின் நீண்ட பகுதியை மடித்துச் செருகினால், ஆட்டுக்குட்டிக்குக் கட்டுவதுபோல ஒரு சுருக்கு வரும். சுருக்கின் கண்ணுக்குள், அறுந்த தடித்த தந்தியில் இருந்து வெட்டிய ஒன்றரைச் சென்ரிமீற்றர்த் துண்டொன்றை வைத்து, நீண்ட பகுதியை இழுத்தால் கண் சுருங்கித் துண்டைக் கவ்விக்கொள்ளும். குறுகிய நுனியையும் இழுத்து முடிச்சை இறுக்க வேண்டும். கருவியில் ஏற்றுவதற்கு முன்பே, கையால் இழுத்து, அது இனி இறுகாது என்ற நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே இறுகாத முடிச்சு பிறகு கருவியில் இறுகும், அதுவரை சுருதி நில்லாது. துண்டு துளைக்குக் குறுக்காக, பலகையின் உட்புறத்தில் படிந்து கிடக்க வேண்டும். நெட்டுக்குத்தாக நின்றால் தந்தியோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். தடித்த தந்திகளுக்குத் துண்டு வேண்டியதில்லை, அவற்றின் முடிச்சே துளையைவிடப் பெரிது.

பின்புறத் திறப்பு வழியாகத் தந்தியின் வெறும் முனையை உள்ளிருந்து துளைக்குள் செலுத்துவது இருட்டில் ஊசிக்கு நூல் கோப்பது போன்ற வேலை. ஒருவர் உள்ளே கைவிளக்குப் பிடிக்க, மற்றவர் வெளியில் இருந்து நுனியை வாங்கினால் இலகு. பிறகு லீவருக்குள்ளும் தாங்குமுளையின் பள்ளத்திலும் விட்டுச் சுருதியாணியின் துளைக்குள் நுழைத்து, தந்தியை முற்றாக இழுத்து, அதில் இருந்து ஏறத்தாழ 5 செ.மீ. தளர்வு விட வேண்டும். ஆணியின் சுற்றளவு 17 மி.மீ. அளவு, எனவே 5 செ.மீ. தளர்வு மூன்று சுற்றாகும். தளர்வே விடாவிட்டால் தந்தி ஆணித் துளையில் மடிந்து வழுக்கும். கைநிறைய விட்டால் சுற்றுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறித் தந்தியைத் தானே நசுக்கும். என் முதல் முயற்சியில் ஏழு சுற்று. உலோகம் சுற்றிய அடித்தந்திகளுக்குத் தளர்வு இன்னும் குறைவாகவே வேண்டும், அவை நைலோன்போல நீளா.

சுருதிச் சாவியைக் கருவியின் வலப்பக்கத்தில் ஆணியில் பொருத்தி, வாசிப்பவருக்கு எதிர்த்திசையில் தள்ளினால் ஏறும், தன்பக்கம் இழுத்தால் இறங்கும். ஆணி கூம்பு வடிவம். வழுக்கினால் திருப்பும்போதே சற்று உள்ளே அழுத்த வேண்டும். பிரடைக்குச் சுண்ணக்கட்டி தடவுகிற என் பழைய பழக்கத்தை இங்கே கொண்டுவரவில்லை.

ஒரே மூச்சில் சுரத்துக்குக் கொண்டுவரக் கூடாது. பாதிக்கு ஏற்றி, தந்தியை விரலால் மெல்ல வெளிப்பக்கம் இழுத்துவிட்டு, மீண்டும் ஏற்றி, இப்படி மூன்று நான்கு படியில் வந்தால் முடிச்சும் சுற்றும் தம் இடத்தில் அமரும். முதல் நாள், சேர்த்து ஐந்து நிமிடத்தில் அரைச்சுரம் இறங்கிவிடும்; பயப்பட வேண்டியதில்லை. எங்கள் தந்தி இரண்டு வாரத்தில் அடங்கியது. சுருதியாணிக்கு வெளியே மிஞ்சும் வாலை அது அடங்கிய பிறகே வெட்டினோம்.

அதன் பின்

பிசிறு எடுத்த பிறகு அதே சுருளில் இருந்து வெட்டிய தங்கூசி, முறையான தந்தி தபாலில் வரும் வரை, இரண்டு மாதத்துக்கு மேல் தாங்கியது. அது அறவில்லை, நாங்களே கழற்றினோம். கழற்றிய தந்தியை முளை இருந்த இடத்தில் வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தபோது சிறு தழும்பு மட்டும் இருந்தது. நிற வரிசை குலைவதால் சி, எஃப் இடங்களுக்குத் தங்கூசி போடுவதை நான் விரும்பமாட்டேன். ஏனைய இடங்களில் அவசரத்துக்கு அது தாராளமாகப் போதும், தடிப்பை அளந்து எடுத்தால்.

மீதி 33 முளைகளையும் பஞ்சால் சோதித்ததில் இன்னும் இரண்டில் பஞ்சு பிடித்தது. அவற்றையும் தேய்த்தோம்.

நரம்புக்குக் கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நான்கு குற்றம் சொல்வது பழைய மரபு. இவை யாவும் நரம்பிலேயே உள்ள குற்றங்கள். கொண்டுவந்த நரம்பை ஏற்றுவதற்கு முன் கண்ணாலும் விரலாலும் சோதிக்கிற பழக்கம் இருந்திருக்கிறது என்பதற்கு அந்தப் பட்டியலே சாட்சி. நாங்கள் ஒரு மாதம் நரம்பில் குற்றம் தேடினோம், குற்றம் முளையில் இருந்தது.

தீராத ஒன்றும் உண்டு. தை மாதத்தில் ஆறாம் ஸ்தாயி டி தந்தி, அடியில் இருந்து இரண்டாவது, முடிச்சருகே அறுந்தது. அது உருக்குக் கம்பியின் மேல் செம்பு சுற்றியது. நுனியைப் பார்த்தோம்: சீவல் இல்லை, செந்நிறத் துரு. இந்தத் தடவை உப்புக் காற்றின் மீது பழி போட்டதில் பிழையில்லை என்றுதான் நினைக்கிறேன். இதற்குத் தங்கூசி உதவாது, வீணைத் தந்தி உதவாது. இவ்வளவு கனமான சுற்றுத் தந்தியைச் சுற்றித் தருகிறவர் எவரும் இங்கே கிடைக்கவில்லை. தந்திக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறோம். கருவியை யன்னலில் இருந்து உள்ளறைச் சுவரோரம் நகர்த்தியாகிவிட்டது. வாசிக்காத நேரத்தில் மருமகள் அதை என் தாயாரின் பழைய நூல் சேலையொன்றால் மூடி வைக்கிறாள், அறுந்த தந்தி ஒவ்வொன்றையும் திகதி எழுதி உறையில் போடுகிறாள். டி இருந்த இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. அந்தச் சுரம் வரும் பாட்டுகளை அவள் ஒரு ஸ்தாயி மேலே தூக்கி வாசிக்கிறாள்.